எட்டுக்கு நாற்பத்திரண்டு: எங்கள் புறவாசலுக்கு வந்த பைனாகுலர்

"எப்படி இருக்கீங்க?" என்று யார் கேட்டாலும் இரண்டு வருடமாக என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: "ஏதோ சமாளிச்சிட்டு இருக்கோம்." அதில் பொய் ஒன்றும் இல்லை. 2021 ஆகஸ்டில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஊன்றுகோலோடு புறவாசல் வரை நடப்பார். கை திரும்பவில்லை. பேச்சில் மிஞ்சியது "அது", "ஆமா" என்ற இரண்டு சொல். 29 வருடம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து, திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் எத்தனை ஆயிரம் பேரிடமோ சத்தமாகப் பேசிய மனிதர்.

நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். மாத்திரை காலை 7, மதியம் 1, இரவு 8. பிசியோ செவ்வாய், வெள்ளி. ரத்த அழுத்தம் பார்ப்பது தினமும். இவை போக மிஞ்சிய நேரம் தையல். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் மருந்து, ஆஸ்பத்திரி, பிசியோ. நாங்கள் இரண்டு பேரும் நன்றாகத்தான் சமாளித்தோம். ஆனால் நேற்றுக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. அதுதான் என்னை உள்ளுக்குள் தின்றது என்பது எனக்கே பிறகுதான் விளங்கியது.

நான் இங்கே எழுத வந்தது 8x42 பைனாகுலரைப் பற்றி. வாங்கி ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது, தினமும் கையாளுகிறோம். கடை, கம்பெனி பெயர் சொல்லி விளம்பரம் செய்ய எனக்கு விருப்பமில்லை. இந்த அளவில் நாலைந்து கம்பெனிகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தருகிறார்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும், எங்கே நான் பணத்தை விட்டேன், எங்கள் மாதிரி வீட்டுக்கு இது எதற்கு, இதைச் சொன்னால் போதும்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். பின்னால் யாரோ வெளியூர்க்காரருடைய காலி மனை. ஒரு பெரிய வேம்பு, நாலைந்து உடைமரம், மழை பெய்தால் இடுப்பளவு புல். 2023 அக்டோபரில் ஒரு நாள் சாயங்காலம் புறவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் இடது கையை நீட்டி, "அது, அது" என்றார். வேம்பைக் காட்டுகிறார். எனக்கு எதுவும் தெரியவில்லை. காக்காயா? இல்லை என்று தலையை ஆட்டினார். அணிலா? இல்லை. கால் மணி நேரம் கேட்டேன். கடைசியில் நாற்காலிக் கையை ஓங்கித் தட்டிவிட்டு அழுதார். அவர் எதையோ பார்த்துவிட்டார், அதை எனக்குக் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். மறுநாள் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் மாடியிலிருந்து பார்த்துச் சொன்னான்: "அத்தை, வேப்பமரப் பொந்துல ஆந்தை இருக்கு. புள்ளி ஆந்தை. மாமா கரெக்டாத்தான் பார்த்திருக்காங்க."

அன்று இரவே போனில் தேடினேன்.

முதலில் வாங்கியது தப்பான சாமான். 1,600 ரூபாய், கையடக்கம், "இருபது மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று போட்டிருந்தது. பெரிதாகக் காட்டினால் நல்லதுதானே என்று நினைத்தேன். உருவத்தைப் பெரிதாக்கும் எதுவும் நம் கை நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்கும் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. மரம் முழுக்க ஆடியது. போதாததற்கு இரண்டு குழாயும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. ஐந்து நிமிடத்தில் தலைவலி. திருப்பி அனுப்ப வழியில்லாமல் போயிற்று. அந்தப் பணத்துக்கு நான் எத்தனை ஜாக்கெட் தைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

பைனாகுலரில் இரண்டு எண் இருக்கும். 8x42 என்றால் எட்டு மடங்கு, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். எண்பது அடி தூரத்தில் இருக்கிற குருவி பத்தடியில் இருக்கிற மாதிரி தெரியும். அந்த 42-ஐ எட்டால் வகுத்தால் ஐந்தேகால் மில்லிமீட்டர் வரும். கண்ணுக்குள் வந்து விழுகிற வெளிச்ச வட்டத்தின் அகலம் அது. அது பெரிதாக இருந்தால் விடியற்காலையிலும் மசங்கல் நேரத்திலும் தெளிவாகத் தெரியும். பறவைகள் வருவதே அந்த நேரத்தில்தான். பத்து மடங்கு வாங்கச் சொல்லிச் சிலர் எழுதியிருந்தார்கள். குளத்தில் தூரத்து வாத்தைப் பார்க்க அது உதவும். கை நடுங்குபவர்களுக்கும் புதியவர்களுக்கும் எட்டு போதும் என்பது என் கருத்து. எட்டில் பார்க்கிற பரப்பும் அகலம், பறவையைத் தேடிப் பிடிப்பது சுலபம்.

கண்ணாடி போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கண் வைக்கும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம் திருகி உள்ளே இறக்குகிற மாதிரி இருக்க வேண்டும். கண்ணுக்கும் லென்சுக்கும் குறைந்தது 15 மில்லிமீட்டர் தூரத்திலும் முழுக் காட்சி தெரிய வேண்டும். விவரத் தாளில் போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரிதான் தெரியும்.

நான் வாங்கியது 9,800 ரூபாய். மகள் பாதி போட்டாள், மீதி தீபாவளித் தையல் பணம். எடை 680 கிராம். வந்த அன்று சாயங்காலமே வேம்பைப் பார்த்தேன். பொந்து வாசலில் ஆந்தை உட்கார்ந்து என்னையே பார்த்தது. மஞ்சள் கண், வெள்ளைப் புருவம், உடம்பு முழுக்கத் தவிட்டு நிறத்தில் வெள்ளைப் புட்டா. ஒன்று இல்லை, உள்ளே இன்னொன்று. முப்பது வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன். அந்தப் பொந்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. நான் திரும்பி அவரைப் பார்த்து, "ரெண்டு இருக்கு" என்றேன். "ஆமா, ஆமா, ஆமா" என்றார்.

நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூல் கண்டைத் துணியோடு வைத்துப் பார்த்து நிறம் சேர்ப்பதிலேயே என் கண் பழகியது. நல்ல லென்சு என்றால் நிறம் மங்காமல் வரும், ஓரத்தில் ஊதாக் கோடு விழாது. தேன்சிட்டு ஆண் வெறுங்கண்ணுக்குக் கறுப்பு. இதில் பார்த்தால் மயில்கழுத்தும் கத்தரிப்பூவும் சேர்ந்த டபுள் ஷேடு, வெயில் படும் பக்கம் ஒரு நிறம், திரும்பினால் ஒரு நிறம். பனங்காடை கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு சாதாரணப் பழுப்புப் பறவை. பறந்தால் அப்படியே எம்.எஸ். புளு. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து எங்கள் பக்கம் கூட்டம் கூட்டமாக வரும் சூறைக்குருவிக்கு உடம்பு வெங்காயத்தோல் நிறம், தலையும் சிறகும் கறுப்பு. அந்தக் காம்பினேஷனில் ஒரு வாடிக்கையாளருக்கு ஜாக்கெட்டே தைத்துக் கொடுத்தேன், நன்றாக வந்தது.

அவர் எப்படிப் பார்ப்பது? இது பெரிய பிரச்சினையாக இருந்தது. 680 கிராமை ஒற்றைக் கையால், அதுவும் பழக்கமில்லாத இடது கையால், முகத்துக்கு நேரே பிடிக்க முடியாது. ஒரு நிமிடத்தில் கை இறங்கிவிடும். பக்கத்து வீட்டுப் பையன்தான் வழி சொன்னான். இரண்டு குழாயையும் இணைக்கிற நடுத்தண்டின் முன்னால் ஒரு சின்ன மூடி இருக்கும். பலருக்கு அது கழற்றக்கூடியது என்றே தெரியாது. திருகிக் கழற்றினால் உள்ளே மரை இருக்கும். ட்ரைபாடில் மாட்டுவதற்கு 'எல்' வடிவத்தில் ஒரு துணைச் சாமான் நானூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. தெரிந்த போட்டோ ஸ்டூடியோவில் பழைய ட்ரைபாடு ஒன்று சும்மா கிடந்தது, கொடுத்துவிட்டார்கள். புறவாசல் நாற்காலிக்கு முன்னால் அதை நிறுத்தி, அவர் கண் உயரத்துக்குச் சரிசெய்தோம். இடது கையால் திருப்புவார், அதே கையால் நடுச் சக்கரத்தையும் உருட்டுவார். வாங்கும்போது இந்த மரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சில சிறிய மாடல்களில் கிடையாது.

இரண்டு பேர் பயன்படுத்தினால் இன்னொரு சிக்கல் உண்டு. வலது கண் பக்கம் ஒரு வளையம் இருக்கும், இரண்டு கண்ணுக்கும் உள்ள பவர் வித்தியாசத்தைச் சமன் செய்ய. முதலில் வலது குழாயை மூடி, இடது கண்ணால் பார்த்து நடுச் சக்கரத்தைச் சரியாக்க வேண்டும். பிறகு இடதை மூடி, வலது கண்ணுக்கு இந்த வளையத்தைத் திருப்ப வேண்டும். ஒருமுறை செய்தால் போதும். ஆனால் என் அளவு வேறு, அவர் அளவு வேறு. சிவப்பு நெயில் பாலிஷில் எனக்கு ஒரு புள்ளி, வெள்ளையில் அவருக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டேன்.

இனி எண்ணிக்கைக் கதை. எனக்கு முக்கியமானது இதுதான்.

பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களில் நிறையப் பேருக்கு, வரிசையாக வாயில் பழகிப்போன சில விஷயங்கள் மட்டும் அழியாமல் இருக்கும் என்று பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் முன்பே சொல்லியிருந்தார். கிழமைப் பெயர்கள், பாட்டு, எண்கள். இவருக்கும் எண்கள் வரும். ஆனால் "ஏழு" என்று நேரடியாகச் சொல்லத் தெரியாது. ஒன்றிலிருந்து தொடங்கி ஏறி வந்தால்தான் ஏழு வரும். பயிற்சிக்காக ஒன்று முதல் இருபது வரை சொல்லச் சொன்னால் இரண்டு நாள் சொன்னார், மூன்றாம் நாள் வாயை மூடிக்கொண்டார். எதற்காக எண்ண வேண்டும்? எண்ணுவதற்கு எதிரே ஒன்றும் இல்லையே.

பைனாகுலர் வந்த இரண்டாம் வாரம் மதில்மேல் தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்தது. எப்போதும் கூட்டமாகவே திரிந்து கத்திக்கொண்டிருக்கும் சாம்பல் குருவிகள். நான் உள்ளே தைத்துக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தத்துக்கு நடுவே அவர் குரல். "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு." கண்டக்டர்கள் வண்டி புறப்படுவதற்கு முன் தலை எண்ணுகிற அதே ராகம். ஏழில் நிறுத்தினார். நான் வெளியே வந்து பார்த்தேன், ஏழுதான். "ஏழா?" என்றேன். "ஆமா."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு நோட்டு உண்டு. காலை 6:15 முதல் 6:30 வரை பதினைந்து நிமிடம். அவர் எண்ணுவார், நான் எழுதுவேன். பையன் போனில் இபேர்ட் போட்டுக் கொடுத்தான். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய தளம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் தாங்கள் பார்த்த பறவைகளின் பட்டியலை அதில் ஏற்றலாம், ஆராய்ச்சி செய்பவர்கள் அந்தக் கணக்குகளை எடுத்துக்கொள்கிறார்கள். அதே ஆய்வகத்தின் மெர்லின் என்ற செயலி குரலைக் கேட்டுப் பறவை பெயர் சொல்லும். இரண்டுக்கும் காசு கிடையாது. எங்கள் காலி மனையில் காக்கை எத்தனை, செண்பகம் எத்தனை என்பது யாருக்கு வேண்டும் என்று நான் கேட்டேன். "அத்தை, சாதாரணப் பறவை குறையறதத்தான் யாரும் கவனிக்க மாட்டாங்க. தினமும் ஒரே இடத்துல எண்ணுறவங்க கணக்குலதான் அது தெரியும்" என்றான். இவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் 6:10-க்கே ஊன்றுகோலைத் தட்டி என்னை எழுப்பிவிட்டார்.

இப்போது எனக்கு நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் உண்டு. நேற்று பஞ்சுருட்டான் மூன்று, இன்று இல்லை. ஏன் இல்லை என்று நாள் முழுக்க ஒரு யோசனை. மாத்திரை அதே மாத்திரைதான். அதைக் கொடுக்கும்போது என் மனதில் ஓடுவது வேறு.

2025 ஜனவரியில் குளத்துக்குப் போனோம். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்வாழ் பறவைகளை வருடா வருடம் தன்னார்வலர்கள் கூடி எண்ணுகிறார்கள். ஏட்ரீ (ATREE) என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பின் மணிமுத்தாறு அகத்தியமலை மையம் முன்னின்று நடத்துகிறது, 2011 முதல் நடக்கிறது. பையன் பெயர் கொடுத்திருந்தான், எங்களையும் கேட்டான். என் தம்பியின் காரில் ராஜவல்லிபுரம் குளத்துக்கரை வரை இவரைக் கொண்டு போனோம். கரைமேல் நாற்காலி, முன்னால் ட்ரைபாடு. தண்ணீர் முழுக்க நாமக்கோழி, கறுப்பு உடம்பும் வெள்ளை நெற்றியுமாக மிதக்கிறது. ஒன்றொன்றாக எண்ண முடியாது. குழுவில் இருந்த ஒரு தம்பி வந்து, "ஐயா, முதல்ல பத்தை மட்டும் எண்ணிக்கோங்க. அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு பாத்துட்டு, அதே அளவால மிச்சத்தை அளந்துட்டுப் போங்க" என்றார்.

இவருக்கு யாரும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நின்றுகொண்டு வரும் கூட்டத்தில் எத்தனை டிக்கெட் பாக்கி என்று ஒரே பார்வையில் சொன்னவர். பைனாகுலரை இடது ஓரத்துக்குத் திருப்பினார். மெதுவாக வலது பக்கம் நகர்த்திக்கொண்டே, "ஒண்ணு… ரெண்டு… மூணு…" ஒவ்வொன்றும் ஒரு பத்து. முப்பத்திநாலில் குளம் முடிந்தது. நான் 340 என்று எழுதினேன். அந்தத் தம்பி தன் ஸ்கோப்பில், அதாவது ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கியில், தனியாக எண்ணியது 352. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயாவ அடுத்த குளத்துக்கும் கூட்டிட்டு வாங்க" என்றார். அன்று மூன்று குளம் போனோம். ஊசிவால் வாத்து, கிளுவை, பாம்புத்தாரா, கூழைக்கடா. மதிய மாத்திரை ஒரு மணி நேரம் தாமதமாயிற்று, எனக்குப் பதற்றம்தான். வீட்டுக்கு வந்து அவர் தூங்கிய தூக்கம் மாத்திரைத் தூக்கம் இல்லை; வேலைக்குப் போய்வந்தவர் தூக்கம்.

அடுத்த மாதம் கூந்தன்குளமும் போய் வந்தோம், மூலைக்கரைப்பட்டி வழியாக. 1994-இல் சரணாலயமாக அறிவித்தது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022-இல் அறிவிப்பு வந்தது. அங்கே ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரங்களில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர். அங்கே பைனாகுலரே தேவைப்படவில்லை. தலைக்கு மேலே கூடு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கூடவே வந்த கழுத்துப் பட்டை மெலிசு, அரை மணியில் பிடரி வலிக்கும். நான் கெட்டிப் பருத்தி நாடாவில் இரண்டு தோளிலும் ஏறுகிற மாதிரி ஒன்று தைத்துக்கொண்டேன். எடை முதுகில் பரவிவிடுகிறது, கழுத்து தப்பித்தது. முன்பக்க மூடிகள் தானாகக் கழன்று விழுகின்றன. கூட வந்த உறையில் வைத்து பீரோவில் பூட்டாதீர்கள், ஈரம் சேர்ந்தால் லென்சில் பூஞ்சை பிடிக்கும். நான் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். நைட்ரஜன் அடைத்த வகை என்றால் உள்பக்கம் பனிபிடிக்காது, வெளிப்பக்கத்துக்கு இந்தக் கவனம் வேண்டும். முந்தானையால் லென்சைத் துடைக்கக் கூடாது. முதல் மாதம் நான் துடைத்து, இடது லென்சில் மெல்லிய கீறல் விழுந்துவிட்டது. முதலில் காற்றடித்துத் தூசியைப் போக்கி, பிறகு லென்சுத் துணியால் லேசாகத் துடைக்க வேண்டும். சூரியனுக்கு நேராக ஒருபோதும் திருப்பக் கூடாது, கண் போய்விடும். நாற்காலியில் இருப்பவர் தானாகத் திருப்புகிறார் என்றால் சூரியன் இருக்கும் பக்கம் பார்க்காமல் ட்ரைபாடை நிறுத்துவது நம் பொறுப்பு.

இது வைத்தியம் இல்லை. பைனாகுலரால் அவர் கை வரவில்லை, புதிதாகச் சொல்லும் வரவில்லை. பிசியோவையும் பயிற்சியையும் நாங்கள் ஒரு நாளும் நிறுத்தவில்லை. மோசமான நாட்கள் இப்போதும் வருகின்றன. போன மாதம் நான்கு நாள் அவர் புறவாசலுக்கே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை, நோட்டில் அந்த நான்கு நாளும் காலியாகவே இருக்கிறது.

படுக்கையை விட்டு எழ முடியாதவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது எவ்வளவு பயன்படும் என்பது ஜன்னலைப் பொறுத்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரமாவது வேண்டும். கூட்டமான தெருவில், எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேராக இருப்பவர்கள் வாங்க வேண்டாம், வீண் சண்டை வரும். மற்றவர்களுக்கு என் யோசனை, ஆறாயிரத்துக்குக் கீழே அவசரப்பட்டு வாங்காமல் இரண்டு மாதம் பொறுத்துச் சேர்த்து வாங்குங்கள். கடையில் வாங்கினால் வாசலுக்கு வந்து தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றைப் பாருங்கள். எழுத்து நடுவிலும் ஓரத்திலும் கூர்மையாக இருக்கிறதா, கண்ணை எடுத்தபின் கண் இழுக்கிற மாதிரி இருக்கிறதா என்று கவனியுங்கள்.

எங்கள் பட்டியல் இன்றைக்கு 63 வகையில் நிற்கிறது. கடைசியாகச் சேர்ந்தது ஆறுமணிக்குருவி, போன அக்டோபரில், சாயங்காலம் ஆறடிக்கிற நேரத்தில் உடைமரத்தடியில். "ஒண்ணு" என்றார். அடுத்து எதுவும் வரவில்லை. அந்த ஒன்றையே இருட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முறை வரவே இல்லை.

அதனால்தான் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று மகள் கேட்டபோது, இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை. 8x32 கேட்டிருக்கிறோம். விட்டம் சிறியது என்பதால் மசங்கலில் கொஞ்சம் மங்கும், ஆனால் எடை குறைவு, பழகினால் இடது கையாலேயே தூக்கிப் பிடித்துவிடுவார் என்று தோன்றுகிறது. வந்து ஆறு மாதம் கழித்து அதைப் பற்றியும் எழுதுகிறேன்.